டெக் டிக்கெட்டும் சிறு கப்பல் ஆசையும்

சொகுசுக் கப்பல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, இருபது தளங்களும் நீச்சல் குளங்களும் ஆடலரங்குகளும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் பெருங்கப்பலே ஆயினும், கடற்பயணத்தின் சுவை அறிந்தவர்கள் ஏங்குவது பெரும்பாலும் அதற்காக அன்று. முப்பது பேர் முதல் முந்நூறு பேர் வரை மட்டுமே ஏறக்கூடியதும், பெரிய கப்பல் நெருங்க முடியாத கழிமுகங்களிலும் தீவுகளிலும் சிறு துறைகளிலும் நின்று போகக்கூடியதும், பயணியின் பெயரைப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கக்கூடியதுமான சிறு கப்பலே அவர்களின் விருப்பம். அவ்விருப்பம் கையிருப்புக்கு எட்டாமல் நிற்பது உலகெங்கும் பொதுவான நிலைதான். எனினும் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் பிழைத்தவர்களின் மண் இது. கையில் பணமில்லாதவர்களே மிகுதியாகக் கடல் கடந்தார்கள் என்பது இங்கே குடும்பந்தோறும் தெரிந்த செய்தி. அப்படிப்பட்ட மண்ணில் கடற்பயணம் என்பது செல்வந்தர்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் எவ்வாறு வேரூன்றியது என்பதையும், எளிய வருவாயுடையோர் அந்த ஆசையை இன்று எந்த அளவுக்கு நிறைவேற்றிக்கொள்ள இயலும் என்பதையும் ஆராய்வது பயனுடையது.

முதலில் விலையின் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கப்பல் கடலில் இறங்கியதும், அதில் பத்துப் பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் தவிர்க்க முடியாத செலவுகள் சில உண்டு. தலைமை மாலுமி, பொறியாளர் ஆகியோரின் சம்பளம், துறைமுகக் கட்டணம், காப்பீடு, குறித்த கால இடைவெளியில் கப்பலை நீரிலிருந்து ஏற்றிப் பழுதுபார்க்கும் செலவு ஆகிய யாவும் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைவதில்லை. 2024-இல் கடலுக்கு வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்க வல்லது. அங்கே இச்செலவுகள் ஏழாயிரம் பேரிடையே பகிரப்படுவதோடு, கப்பலுக்குள் இருக்கும் கடைகளும் சூதாட்டக் கூடமும் மதுக்கூடமும் தரும் வருவாயும் சேர்ந்து டிக்கெட் விலையைத் தாழ்த்துகின்றன. சிறு கப்பலில் அத்தகைய துணை வருவாய் மிகக் குறைவு. அதன் பயணிகள் கடைவீதிக்காக வருவதில்லை. மேலும், பெருங்கப்பலில் இரண்டு அல்லது மூன்று பயணிகளுக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கு இருக்க, உயர்தரச் சிறு கப்பலில் அது பயணிக்கு ஒருவர் என்ற அளவை நெருங்குகிறது. ஆகவே சிறு கப்பலின் விலை வெறும் ஆடம்பரத்தின் விலை அன்று. குறைந்த எண்ணிக்கையின் விலையே அதில் பெரும்பங்கு.

இந்தியாவிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் தொடங்கி வைக்கப்பட்ட ‘கங்கா விலாஸ்’ ஆற்றுக்கப்பல், 18 அறைகளில் 36 பயணிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, வங்கதேசத்து ஆறுகள் வழியாக அசாமின் திப்ரூகர் வரை ஏறத்தாழ 3,200 கி.மீ. தொலைவை 51 நாள்களில் கடக்கும்படி வகுக்கப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாத கட்டணம் அப்போது பேசப்பட்டது. அந்தக் கணக்கில் முழுப் பயணத்துக்கு ஆகும் தொகை 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு 2025-26ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். கப்பலில் ஒரு நாள் கழிப்பதற்கு அவர் ஏறத்தாழ 75 நாள் மண் சுமக்க வேண்டும் என்பதே இக்கணக்கின் பொருள். அரசுப் பள்ளி ஆசிரியரோ, வங்கி ஊழியரோ, சிங்கப்பூரில் கட்டுமானப் பணி செய்து ஊர் திரும்பியவரோ கூட இத்தொகையை ஒரு பயணத்துக்கென ஒதுக்குவது எளிதன்று. வீடு, மகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் என்று வரிசையில் முன் நிற்பவை பல.

இந்த இடைவெளி புதிதன்று. புதுக்கோட்டையின் கடந்த நூற்றாண்டு அதை மிகக் கூர்மையாகவே கண்டது. சமஸ்தானத்தின் மன்னராக 1886-இல் பட்டமேற்ற மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், தம் ஆட்சிக்காலத்தில் மீண்டும் மீண்டும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர். 1915-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்து, அம்மணத்தை ஆங்கில அரசு அங்கீகரிக்க மறுத்த பின்னர், பெரும்பாலும் வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928-இல் பாரிஸ் நகரில் காலமானார். ஆட்சிப் பொறுப்பு அவருடைய சகோதரர் இரகுநாதப் பல்லவராயரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வானூர்தி வழக்கத்துக்கு வராத அக்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் செல்லும் ஒரே வழி நீராவிக் கப்பல்தான். அரச குடும்பத்தினர் பயணம் செய்த முதல் வகுப்பு, தனியறையும் பணியாளரும் பல வகை உணவும் கொண்டது. இன்று சிறு கப்பல் விளம்பரங்கள் முன்வைக்கும் வாழ்க்கை ஏறக்குறைய அதுவே.

அதே ஆண்டுகளில், அதே சமஸ்தானத்தின் கிராமங்களிலிருந்து வேறொரு வகைப் பயணிகளும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குச் சென்ற கப்பல்களில் அவர்கள் வாங்கியது டெக் டிக்கெட். கப்பலின் மேல்தளத்திலும் அதற்குக் கீழுள்ள திறந்த தளங்களிலும் இடம் மட்டுமே தரும், அறையோ கட்டிலோ தராத, மிகக் குறைந்த விலையுள்ள டிக்கெட் அது. பயணி தன் பாயைத் தானே விரித்துக்கொள்ள வேண்டும். தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வதே வழக்கம். இவ்வழியில் ஓடிய கப்பல்களுள் தமிழர் நினைவில் மிக ஆழமாகப் பதிந்தது ‘ரஜூலா’. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கொடியின்கீழ் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் ஓடிய அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. டன் கணக்கில் அதன் மொத்தக் கொள்ளளவு எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு என்பதைக் கருதினால், அந்தத் தளங்களில் நிலவிய நெருக்கம் எத்தகையது என்பது விளங்கும்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து அணைவதற்கான ஆழம் இல்லாமையால், ரஜூலா கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகில் சென்று ஏணி வழியே ஏறினார்கள். ஏறத்தாழ ஒரு வாரக் கடற்பயணம். வங்கக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் டெக்கில் இருந்தோர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. சிங்கப்பூரை நெருங்கியதும் முதல் வகுப்புப் பயணி நேரே கரையிறங்க, டெக் பயணிகள் தொற்றுநோய் அச்சத்தின் பெயரால் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தப்பட்ட காலமும் உண்டு. இதை மறந்துவிட்டு அந்நாளையக் கப்பல் பயணத்தை இனிய நினைவாக மட்டும் எழுதுவது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி. ஆயினும் மற்றோர் உண்மையையும் மறுக்க இயலாது: பிழைப்புக்காகச் சென்ற ஓர் ஏழைத் தொழிலாளி, கரை கண்ணுக்கு மறைவதையும், இரவில் விண்மீன்கள் கடல் விளிம்பு வரை இறங்கி நிற்பதையும், பறக்கும் மீன்கள் கப்பலின் ஓரத்தில் எழும்பி விழுவதையும் கண்டிருந்தான். இன்றைய சிறு கப்பல் நிறுவனங்கள் பெரும்பொருள் பெற்றுக்கொண்டு காட்டும் காட்சிகளுள் பல, அந்த டெக் டிக்கெட்டில் அடங்கியிருந்தன.

மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் உள்ள இராயவரம், குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி முதலிய நகரத்தார் ஊர்களின் கதையும் இதனோடு இணைந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் நடத்திய அவ்வூர்களின் குடும்பங்கள், கணக்குப்பிள்ளைகளையும் உதவியாளர்களான அடுத்தாட்களையும் சில ஆண்டு ஒப்பந்தத்தில் அனுப்பி வைத்தன. அவர்கள் சென்ற கப்பலிலேயே திரும்பி வந்த செல்வமும் பர்மாத் தேக்கும் இன்றும் அவ்வூர் வளவுகளின் தூண்களாக நிற்கின்றன. வகுப்பு வேறுபாடு எத்தனை இருந்தாலும், முதலாளியும் அடுத்தாளும் கூலியும் ஒரே கப்பலில் வெவ்வேறு விலையில் பயணம் செய்ய முடிந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

இலங்கைப் பயணமோ இதைவிட எளிது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று மாறிக் கொழும்பு சேர முடிந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இலும், அங்கிருந்து மானாமதுரைக்கு 1930-இலும் இருப்புப்பாதை அமைந்த பிறகு, புதுக்கோட்டைக்காரருக்கு அந்தக் கப்பல் ஓர் இரவுத் தொலைவுக்குள் வந்துவிட்டது. இன்றும் சென்னைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே புதுக்கோட்டை வழியாகச் செல்லும் ரயிலைப் பயணிகள் ‘போட் மெயில்’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் கப்பல் இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கையில் மூண்ட வன்முறையோடு நின்றது.

சிங்கப்பூர் வழித்தடத்தின் முடிவும் ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்ததே. ரஜூலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்பிய ‘சிதம்பரம்’ என்னும் கப்பல், 1980-களின் நடுவில் கடலில் உயிர்ப்பலி கொண்ட தீவிபத்துக்கு ஆளாகி ஓய்ந்தபின், தமிழகத்தையும் சிங்கப்பூரையும் இணைத்த முறையான பயணிகள் கப்பல் என்ற ஒன்றே இல்லாமற்போயிற்று. ஒரு வாரப் பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கிய விமானத்தோடு கப்பல் போட்டியிட இயலவில்லை. விடுப்பு நாள்களை எண்ணிக்கொண்டு ஊர் வரும் தொழிலாளிக்கு நேரமே பணம் என்பதால், திருச்சி விமான நிலையம் அறந்தாங்கிக்காரருக்கும் ஆலங்குடிக்காரருக்கும் நாகப்பட்டினத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. இதில் குறை காண ஏதுமில்லை. ஆனால், தேவைக்குரிய பயணம் விமானத்துக்குப் போனபோது, கப்பலில் எஞ்சியது இன்பத்துக்குரிய பயணம் மட்டுமே. அதை நடத்த முன்வந்தவர்கள் மேல்தட்டு வாடிக்கையாளரையே குறிவைத்தார்கள். டெக் டிக்கெட்டும், அதற்கு மேற்பட்ட இரண்டாம் வகுப்பும் ஆகிய இரு கீழ்ப்படிகளும் மறைந்து, முதல் வகுப்பு மட்டும் கடலில் மிதக்கலாயிற்று. எளிய வருவாயுடையோரின் இன்றைய ஏக்கத்துக்கு மூல காரணம் அவர்களின் பேராசை அன்று. கீழே இருந்த படிகள் எடுக்கப்பட்டதே.

படிகளை எடுக்காமல் வைத்திருக்கும் நாடும் உண்டு. நார்வேயின் மேற்கு, வடக்குக் கரைகளில் பெர்கன் முதல் கிர்க்கெனஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் செல்லும் கடலோரக் கப்பல் சேவை, 1893-இல் அஞ்சலும் சரக்கும் பயணிகளும் ஒன்றாகச் செல்வதற்கெனத் தொடங்கப்பட்டு, அரசின் நிதியுதவியுடன் இன்றளவும் நடைபெறுகிறது. அதே கப்பலில் ஒருபுறம் பல லட்சம் ரூபாய் கொடுத்துச் சொகுசு அறையில் பன்னிரண்டு நாள் சுற்றிவரும் வெளிநாட்டுப் பயணி இருக்க, மறுபுறம் ஒரு துறையில் ஏறி அடுத்த துறையில் இறங்கும் உள்ளூர்க்காரர் அறையே எடுக்காமல் குறைந்த கட்டணத்தில் அமர்ந்து செல்கிறார். இருவரும் காணும் மலையும் கடலும் ஒன்றே. அரசு தன் மக்களின் போக்குவரத்துக்காகக் கொடுக்கும் பணம், ஊருக்குப் பயன்படும் கப்பலையும் உலகம் விரும்பும் பயணத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டு வாசகர் இன்று கைக்கெட்டும் விலையில் ஏறக்கூடிய கப்பல்களைப் பார்க்கையில், முதலிடம் நாகப்பட்டினத்துக்கே உரியது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தை ஒட்டிய காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாள்களிலேயே நின்றபோதிலும், 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் அவ்வழியில் ஓடலாயிற்று. ஏறத்தாழ 150 பேர் அமரக்கூடிய அது, உண்மையான பொருளில் ஒரு சிறு கப்பலே. அறுபது கடல்மைல் அளவுள்ள தொலைவை நான்கு மணி நேரத்தை ஒட்டிக் கடக்கும் இப்பயணத்துக்குத் தொடக்கத்தில் சாதாரண இருக்கைக்கு ஒருவழிக் கட்டணம் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி அமைந்தது. கடல்மைல் என்பது கப்பலோட்டத்தில் தொலைவை அளக்கும் அலகு, 1.85 கி.மீ. கொண்டது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் வழியாகப் பேருந்தில் ஒரு காலைப்பொழுதில் நாகப்பட்டினம் சென்று சேரலாம். கடவுச்சீட்டும் இலங்கைக்கான நுழைவு அனுமதியும் கட்டாயம். இங்கு அறையில்லை, விருந்தில்லை, இசையில்லை. மூடிய கூடத்தில் பேருந்தில் உள்ளது போன்ற இருக்கைகளே உண்டு. ஆயினும் பாக்கு நீரிணையைக் கடல் வழியே கடந்து நல்லூர்க் கந்தனின் ஊருக்குப் போய் இறங்குவதில் உள்ள நிறைவை, அதைப்போல் பத்து மடங்கு செலவிடும் பயணம் தரும் என்று சொல்ல இயலாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் கூடும்போது சேவை நிறுத்தப்படுவதால், பயணத்தை மாசி முதல் புரட்டாசிக்குள் அமைத்துக்கொள்வதும், புறப்படும் முன் அட்டவணையை உறுதிசெய்துகொள்வதும் அறிவுடைமை.

நீண்ட கடற்பயணமே வேண்டும் என்போருக்கு, சென்னையிலிருந்து அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்னாளில் போர்ட் பிளேர்) செல்லும் அரசுக் கப்பல்கள் உள்ளன. அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் கப்பல் துறை தீவு மக்களின் போக்குவரத்துக்காக நடத்தும் இச்சேவையில் பங்க், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்ற பிரிவுகள் உண்டு. பங்க் என்பது ஒரே பெரிய கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படுக்கைகளின் வரிசை. பழைய டெக் டிக்கெட்டின் இன்றைய வாரிசு என்று அதைக் கொள்ளலாம். ஏறத்தாழ மூன்று நாள் பயணத்துக்குப் பங்க்கின் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். கழிவறைத் தூய்மையும் உணவும் எல்லாருக்கும் உகந்தவையாக இரா. புறப்படும் நாள் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவரும். இரண்டாம் வகுப்பு அறையை எடுத்துக்கொண்டு, பழமும் அவலும் கடலைமிட்டாயும் கையோடு கொண்டுபோகும் ஒரு குடும்பத்துக்கு, கரை தெரியாத இரண்டு முழுநாள்களை இவ்வளவு குறைந்த விலையில் வழங்கும் வேறு பயணம் இந்தியாவில் அநேகமாக இல்லை. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் ‘கவரத்தி’ முதலிய கப்பல்களும் இவ்வகையினவே. அங்கு நுழைவு அனுமதி பெறுவது கூடுதல் வேலை.

2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து தொடங்கிய ‘கார்டெலியா’ நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் வேறு இனம். 1990-இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ 1,800 பேரை ஏற்கக்கூடிய அது பெருங்கப்பல் உலகைச் சேர்ந்தது. சில பத்தாயிரங்களில் இரண்டு இரவு கடலில் கழிக்க விரும்புவோருக்கு அது ஏற்றது, அமைதியைத் தேடுவோருக்கு அன்று. உள்நாட்டு நீர்வழியை விரும்புவோர் கேரளத்தை நாடலாம்: ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை இயக்கும் பயணிகள் படகு, ஆயிரங்களில் வாடகை கேட்கும் படகுவீடுகள் செல்லும் அதே குட்டநாட்டு நீர்ப்பரப்பில், இரண்டரை மணி நேரத்தை முப்பது ரூபாயை ஒட்டிய கட்டணத்தில் தருகிறது.

வெளிநாட்டுச் சிறு கப்பலிலேயே ஏற வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் சில நடைமுறைகளை அறிந்திருப்பது நல்லது. பருவம் மாறும்போது ஒரு கப்பல் ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்கு இடம்பெயர்வதுண்டு. மத்தியதரைக் கடலில் கோடையைக் கழித்த கப்பல் குளிர்காலத்தில் கரீபியனுக்கோ ஆசியாவுக்கோ செல்லும் அப்பயணத்தில் துறைகள் குறைவு, கடல்நாள்கள் மிகுதி என்பதால் விலை இறங்கும். குறிப்பிட்ட அறையைத் தேர்ந்தெடுக்காமல் எந்த அறை ஒதுக்கப்பட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வாங்கும் டிக்கெட்டும் மலிவானது. ஓர் அறையில் இருவர் தங்குவதையே அடிப்படையாகக் கொண்டு விலை வகுக்கப்படுவதால், தனியாகச் செல்பவரிடம் இரண்டாமவரின் பங்கையும் பெரும்பகுதி வாங்கிவிடுவார்கள். ஆகவே துணையோடு செல்வதே சிக்கனம். விளம்பரத்தில் காணும் தொகைக்கு வெளியே விமானக் கட்டணம், விசா, பயணக் காப்பீடு, பணியாளர் அன்பளிப்பு, கரையில் இறங்கிச் சுற்றும் செலவு ஆகியவை காத்திருக்கும். தொலைவிலிருந்து செல்லும் இந்தியருக்கு இவை டிக்கெட்டுக்கு இணையாகவே வளர்ந்துவிடுவதுண்டு.

பணத்தைத் திரட்டும் வழியிலும் எச்சரிக்கை தேவை. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து, வட்டியின்றி ஒரே நாளில் பெருந்தொகை திரட்டித் தரும் அரியதொரு ஏற்பாடு. ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் மகனின் தொழிலுக்கும் மகளின் திருமணத்துக்கும் அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் மொய் என்பது வந்த அளவுக்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வருவாய் தராத செலவில் அதைப் போட்டவர் அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு பந்தலிலும் தடுமாற நேரும். மாதச் சீட்டோ அஞ்சலகத் தொடர் வைப்போ போட்டுச் சேர்ந்த பணமே பயணத்துக்குரியது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் வீதம் ஓராண்டு சேர்ப்பவர், தம் துணையோடு காங்கேசன்துறை சென்று திரும்ப இயலும். கடன் வாங்கி மத்தியதரைக் கடலுக்குச் செல்வதைவிட அது மேலானது.

இவ்வளவும் புதுக்கோட்டைக்காரர் வெளியே சென்று ஏறும் கப்பல்கள். மாவட்டத்துக்கே கடல் உண்டு என்பதை நினைவுபடுத்த வேண்டிய நிலை இருப்பது வருந்தத்தக்கது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என ஏறத்தாழ நாற்பது கி.மீ. நீளும் அக்கரை பாக்கு விரிகுடாவைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து அறந்தாங்கி வழியே எழுபது கி.மீ. அளவில் அதை அடையலாம். பேரலை எழாத அக்கடலின் அடியில் கடற்புல் விரிந்துகிடக்க, அதை மேய்ந்து வாழும் கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய 448 ச.கி.மீ. கடற்பரப்பை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. உலகின் வேறிடங்களில் இவ்வுயிரைக் காணும் வாய்ப்புக்காகவே சிறு கப்பல் பயணங்கள் வகுக்கப்படுகின்றன.

கழிமுகப் பகுதியில் மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடு உண்டு. உப்புநீரில் வேரூன்றி, மூச்சுவிடும் வேர்களைச் சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் மரங்களைக் கொண்ட அக்காட்டினூடே படகில் செல்வதற்கான இடமாக மாநிலச் சுற்றுலாத் துறை அதை வளர்த்து வருகிறது. தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் மீனவக் கிராமத்தாரும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இன்னும் முதிர்ந்த முன்மாதிரி: சில நூறு ரூபாயில் அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம், கடற்பறவைகளைக் காட்டி விளக்க உள்ளூர் இளைஞர், கரை திரும்பியதும் அவ்வூர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும். சிறு குழு, அறிந்த வழிகாட்டி, அன்று பிடித்த மீன், பெரிய கப்பல் எட்டாத நீர்வழி ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் உயர்விலைச் சிறு கப்பல் நிறுவனங்கள் விற்கின்றன. காரங்காட்டில் இல்லாதது படுக்கையறை ஒன்றே. மீன்பிடி விசைப்படகில் பணம் கொடுத்து ஏறிக் கடலுக்குள் செல்லும் ஆசை சிலருக்கு எழலாம். அப்படகுகளுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் இல்லை, கடல் எல்லையும் அண்மையில் உள்ளது என்பதால் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரைச் சுற்றியே ஆழம் அமைய, கரையை ஒட்டியோ வெகு தொலைவு வரை இடுப்பளவு நீரே உள்ளது. கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவை மிதப்பாழம் என்பர். ஏழெட்டு மீட்டர் மிதப்பாழம் கொண்ட பெருங்கப்பல் இங்கே நுழைவதை எண்ணவும் முடியாது. இந்தக் கடலுக்கு ஏற்றது சிறு கப்பல் ஒன்றே. இரண்டு மீட்டருக்கு மேல் அமிழாத, ஐம்பது அறுபது பேர் ஏறக்கூடிய கலம் ஒன்று நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, இராமேசுவரம் என்ற வரிசையில் ஓடுவதற்குக் கடல் தடையாக இல்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி 17 மீட்டர் உயரம் வரை மேலெழுவதால், மன்னார் வளைகுடாவுக்கும் வழி உண்டு. குறைவாக இருப்பவை வேறு: பயணிகள் ஏறி இறங்கத்தக்க தோணித்துறை, அளந்து குறியிடப்பட்ட நீர்வழி, கடலோரக் காவல்படையின் ஒப்புதல், வலை விரித்திருக்கும் மீனவரோடு செய்துகொள்ள வேண்டிய நேர ஒப்பந்தம், கடற்பசு மேயும் பரப்பில் வேகத்தைக் குறைத்துச் செல்லும் கட்டுப்பாடு. இவை யாவும் அரசு முன்னின்று செய்ய வேண்டிய பணிகள். தனியார் முதலீட்டாளரிடம் விட்டால் மீண்டும் நாளொன்றுக்கு 25,000 ரூபாய்க் கப்பலே வரும். கோட்டைப்பட்டினத்தில் ஏறித் தொண்டியில் இறங்கும் மீன் வியாபாரிக்குப் பேருந்துக் கட்டணத்தை ஒட்டிய விலையில் ஓர் இருக்கையும், அதே கலத்தின் மேல்தளத்தில் இரவு தங்க விரும்பும் சுற்றுலாப் பயணிக்கு உயர்விலையில் ஓர் அறையும் என்று தொடக்கத்திலேயே டிக்கெட்டை வகுத்து, பின்னதன் வருவாயால் முன்னதைத் தாங்குவதே அத்தகைய சேவைக்குப் பொருந்தும் கணக்கு.